படக்கொட்டகைகள் எங்கே போயின?

நம் நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்னர் தோட்ட மக்கள் பட்டணத்திற்குச் செல்வதென்றால் அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே இருந்தன. சம்பளத்தில் மளிகையும் துணிமணியும் வாங்குதல் முதலாவது. கோயிலுக்குச் செல்லுதல் இரண்டாவது. படம் பார்த்தல் மூன்றாவது. கடைத்தெருவும் கோயிலும் இன்றும் அவ்விடங்களிலேயே இருக்கின்றன. படக்கொட்டகைகளில் மிகப் பலவோ இன்று இல்லை. கட்டடம் நின்றாலும் அதனுள் படம் ஓடுவதில்லை. கட்டடமே மறைந்துபோன இடங்களும் உண்டு.

அவை எங்கே போயின, ஏன் போயின, போனவற்றை நாம் எவ்வாறு தேடி அறியலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். இது வெறும் பழங்கதை அன்று. ஒரு சிற்றூரின் படக்கொட்டகை மூடப்பட்ட காரணத்தை ஆராய்ந்தால், அவ்வூரின் நிலம், தொழில், மக்கள் குடிபெயர்ச்சி ஆகிய அனைத்தும் அதனுடன் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அவ்வரலாற்றில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கி அக்கொட்டகைகளை வாழவைத்தவர்களில் அவர்களும் அடங்குவர்.

பழைய கொட்டகையின் அமைப்பு

பழைய திரையரங்கு ஒன்றைக் கட்டடத்தைக் கொண்டே அடையாளங் காணலாம். அதன் பக்கச் சுவர்கள் உயரமானவை. அவற்றில் சாளரங்கள் மிகக் குறைவு. வெளிச்சம் உள்ளே புகுந்தால் திரையில் படம் மங்கிவிடும் என்பதே இதற்குக் காரணம். தரை, திரையை நோக்கிச் சரிந்து செல்லும். பின்னிருப்போர் பார்வையை முன்னிருப்போர் தலை மறைக்காதிருக்க இவ்வாறு அமைத்தனர். பின்சுவரின் உயரத்தில் சிறுசிறு சதுரத் துளைகள் இருக்கும். படக்கருவியின் ஒளி அத்துளைகளின் வழியேதான் திரையை அடைந்தது.

படக்கருவி வைத்த அறையைத் தடித்த சுவர்களால் தனியே கட்டியதற்கும் ஒரு காரணம் உண்டு. தொடக்க காலத்துப் படச்சுருள், நைட்ரேட் எனும் பொருளால் ஆனது. அது மிக எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீரூற்றியும் அணைத்தல் அரிது. ஆதலால் தீப்பிடித்தால் அவ்வறையோடு அடங்கிவிட வேண்டும் என்றெண்ணி, துளைகளுக்கு இரும்புக் கதவுகளும் பொருத்தினர். 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தீப்பற்றும் அபாயம் குறைந்த சுருள்கள் பழையவற்றின் இடத்தைப் பிடித்தன.

35 மில்லிமீட்டர் சுருள் ஒரு நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் ஒன்றிற்கு ஏறத்தாழ 13,500 அடி நீளச் சுருள் தேவைப்பட்டது. அத்தனை நீளத்தையும் பல வட்டங்களாகச் சுற்றித் தகரப் பெட்டிகளில் அடைத்து இரயிலிலும் லாரியிலும் ஊர் ஊராக அனுப்பினர். பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பின்னரே அவை சிற்றூர்களை அடைந்தன. தோட்டப்புறப் பட்டணங்களில் திரையில் மழை பெய்வது போன்ற கோடுகள் தெரிந்ததும், பாட்டின் நடுவே சுருள் அறுந்ததும் இதனாலேயே.

கோலாலம்பூரின் இரு கொட்டகைகள்

கோலாலம்பூரில் அன்று பத்து ரோடு என வழங்கி இன்று துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை எனப் பெயர்பெற்ற வீதியில் கொலிசியம் திரையரங்கு 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எழுந்தது. வணிகப் பெருமகனார் சுவா செங் போக் என்பவர் அதனைக் கட்டுவித்தார். அண்மைப் பதின்ஆண்டுகளில் தமிழ்ப்படங்களையும் இந்திப்படங்களையும் திரையிட்டு வந்தமையால் தலைநகரத் தமிழர்கள் அதனை நன்கறிவர். அதே வீதியில் ஓடியன் திரையரங்கு 1936இல் அமைந்தது.

கொலிசியத்தின் வரலாற்றில் 2006ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இல் நிறைவேறிய பின்னர், அக்கட்டடத்தை அரசு எடுத்துப் பாரம்பரிய நிலையமாக்கும் யோசனை எழுந்தது. உரிமையாளர் குடும்பத்தினர் அதனை விரும்பவில்லை. படம் ஓடும் கொட்டகையாகவே அது இருக்கட்டும் என்று பலரும் கருதினர். யோசனை கைவிடப்பட்டது. பழைய கட்டடம் ஒன்றைக் காப்பது என்றால் அதன் சுவர்களைக் காப்பதா, அதனுள் நடக்கும் தொழிலைக் காப்பதா என்ற வினாவை இந்நிகழ்ச்சி நம்முன் வைக்கின்றது. சுவர் நின்று தொழில் போய்விட்டால் எஞ்சுவது காட்சிப்பொருள். தொழிலை மட்டும் நம்பிச் சுவரைக் கவனியாது விட்டால் ஒருநாள் இரண்டும் போகும். இரண்டையும் ஒருங்கே காத்தல் எளிதன்று.

சுல்தான் சாலையிலிருந்த ரெக்ஸ் திரையரங்கின் கதை வேறு. 1947இல் கட்டப்பெற்ற அது 1972இல் தீக்கிரையாயிற்று. 1976இல் மீண்டும் எழுப்பினர். 2002இல் படக்காட்சி முடிவுற்றது. பல ஆண்டுகள் வேறு பயன்களுக்கு விடப்பட்டிருந்த அக்கட்டடம் 2019ஆம் ஆண்டு தொட்டுக் கலை நிகழ்ச்சிகளும், உணவுக் கடைகளும், புத்தகக் கடையும் கூடிய பொது இடமாக மாறியது. சரிந்த தரையும் உயர்ந்த கூரையும் அங்கு வருவோருக்கு அது முன்னர் என்னவாக இருந்தது என்பதை உணர்த்துகின்றன.

சிங்கப்பூரில் நிகழ்ந்தவை

சிங்கப்பூரின் கேத்தே கட்டடத்தில் 1939ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திரையரங்கு திறக்கப்பட்டது. குளிரூட்டப்பெற்ற அரங்கில் சாய்ந்தமர்ந்து படம் பார்ப்பது அன்று பெரும் புதுமை. போருக்குப் பின்னர் கேத்தே நிறுவனத்தை வளர்த்த லோக் வான் தோ அவர்கள் 1964ஆம் ஆண்டு தைவானில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அக்கட்டடத்தின் முகப்பு 2003இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முகப்பை வைத்துக்கொண்டு பின்பகுதியைப் புதிதாகக் கட்டி 2006இல் திறந்தனர். அங்கு கேத்தே நிறுவனப் பெயரில் நடந்த படக்காட்சி 2022இல் நின்றது.

1930இல் திறக்கப்பட்ட கேப்பிட்டல் திரையரங்கில் 1998ஆம் ஆண்டு இறுதியோடு படக்காட்சி முடிவுற்றது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த அதனைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக 2007இல் அறிவித்து, பழுதுபார்த்து 2015இல் மீண்டும் திறந்தனர். சீன நாடகங்களுக்காக 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இயூ தோங் சென் என்னும் செல்வர் கட்டிய மண்டபம் பின்னர் மெஜஸ்டிக் திரையரங்காக விளங்கி, 1998இல் மூடப்பட்டுக் கடைத்தொகுதியாயிற்று.

சிராங்கூன் சாலைத் தமிழர்களுக்கு நெருக்கமானது மெக்கென்சி சாலை ரெக்ஸ். 1946இல் திறக்கப்பட்ட அது 1983இல் மூடப்பட்டது. கால்நூற்றாண்டுக்கு மேல் வேறு பயன்களுக்கு விடப்பட்டு, 2009இல் மீண்டும் திரையரங்காகித் தமிழ்ப்படங்களைக் காட்டியது. மூடிய கொட்டகை மீண்டும் படக்கொட்டகையாவது அரிதினும் அரிது. தமிழ்ப்படம் பார்க்க வரும் கூட்டம் அருகிலேயே இருந்தமையே அதற்கு வழிவகுத்தது எனலாம். கொட்டகையின் உயிர் கட்டடத்தில் அன்று, அதைச் சூழ வாழும் மக்களில் உள்ளது என்பதற்கு இது சான்று.

மோட்டார் வண்டியில் இருந்தபடியே படம்

திறந்த வெளியில் பெரும் திரையை நிறுத்தி, மோட்டார் வண்டிகளை வரிசையாக நிறுத்தச் செய்து, வண்டிக்குள் இருந்தபடியே படம் பார்க்கச் செய்யும் அரங்குகளும் உலகில் தோன்றின. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேம்டன் என்ற இடத்தருகே 1933ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் முதலாவது அரங்கைத் திறந்தார். அதற்குமுன் தம் வீட்டு முற்றத்தில் மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, வண்டியின் முன்மூடிமேல் படக்கருவியை வைத்து அவர் சோதனை நடத்தினார். மழை பெய்தால் என்னாகும் என்பதை அறியப் புல்தரைக்கு நீர் தெளிக்கும் குழாயைக் கொண்டு வண்டியை நனைத்தும் பார்த்தார். முன்வண்டி பின்வண்டியை மறைக்காதிருக்க ஒவ்வொரு வரிசையிலும் தரையை மேடாக்கி, வண்டியின் முன்பாகம் சற்று உயர்ந்து நிற்கச் செய்தார். இவ்வமைப்புக்கே அவர் காப்புரிமை பெற்றார். 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இத்தகைய அரங்குகள் 4,000க்கும் அதிகமாக இருந்தன.

நம் வட்டாரத்தில் இதற்குச் சிறந்த உதாரணம் சிங்கப்பூரின் ஜூரோங் அரங்காகும். கேத்தே நிறுவனம் அமைத்த அதனை 1971ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் அன்றைய கலாசார அமைச்சர் ஜெக் இயுன் தோங் திறந்துவைத்தார். அதன் பரப்பு 5.6 எக்டர், ஏறத்தாழ 14 ஏக்கர். 899 வண்டிகள் நிற்க இடமிருந்தது. வண்டியில்லாதோர் 300 பேர் அமரத் தனி மேடையும் அமைத்திருந்தனர். திரை 30 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்டது. ஒலிபெருக்கியைக் கம்பத்திலிருந்து எடுத்து வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வசனம் கேட்டனர்.

14 ஏக்கர் என்பதைத் தோட்ட வழக்கில் எண்ணிப் பார்ப்போம். ஓர் எக்டருக்கு 400 மரம் என்று வைத்தாலும் அந்நிலத்தில் 2,200 மரங்களுக்குமேல் நிற்கும். ஒருவர் ஒரு காலைப்பொழுதில் சுமார் 500 மரம் வெட்டுவார் எனின், அது நான்கு பேருக்கு மேற்பட்டோரின் நிரை. இத்தனை நிலத்தை ஓர் அரங்கு எடுத்துக்கொண்டு, இரவில் மட்டுமே வருமானம் ஈட்டியது. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில்தான் பொழுது சாய்கின்றது. அதற்குமுன் திரையில் எதுவும் தெரியாது. மூடிய கொட்டகை காலை தொடங்கி நள்ளிரவு வரை பல காட்சிகள் நடத்தக்கூடும். திறந்தவெளி அரங்கால் அது இயலாது. மழையோ கேட்கவே வேண்டியதில்லை.

இக்காரணங்களோடு வீடுகளில் வீடியோவும் பெருகவே, ஜூரோங் அரங்கு 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளோடு மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே அது வாழ்ந்தது. பின்னர் அந்நிலம் கோல்ஃப் பந்துப் பயிற்சிக்குப் பயன்பட்டது. மூடிய கொட்டகை அழிந்தாலும் சுவராவது சில காலம் நிற்கும். திறந்தவெளி அரங்கு அழிந்தால் திரையைக் கழற்றி மேட்டைச் சமன் செய்த மறுநாளே அடையாளம் போய்விடும்.

மூடப்பட்டமைக்குரிய காரணங்கள்

கொட்டகைகள் மூடப்பட்டதற்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட இயலாது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலாவது தொலைக்காட்சி. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் ஒளிபரப்புத் தொடங்கியது. மலேசியாவில் 1978ஆம் ஆண்டு இறுதியில் வண்ண ஒளிபரப்பு வந்தது. மின்சாரம் எட்டாத லயங்களில் மோட்டார் பேட்டரியை வைத்துத் தொலைக்காட்சி பார்த்ததை முதியோர் பலர் அறிவர். ஆயினும் தொலைக்காட்சி மட்டும் கொட்டகைகளைக் கொல்லவில்லை. 1970ஆம் ஆண்டுகளிலும் பண்டிகை நாள்களில் கொட்டகை வாயில்களில் கூட்டம் நெருக்கித் தள்ளியது.

இரண்டாவது வீடியோ. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒளிநாடாப் பெட்டியை வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டில் பத்துக் குடும்பங்கள் கூடிப் படம் பார்க்கும் வழக்கம் பரவியது. பேருந்துக் கட்டணமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. அந்நாடாக்களில் பெரும்பகுதி திருட்டுப் பதிவுகளே. தயாரிப்பாளருக்கும் கொட்டகைக்காரருக்கும் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. சிற்றூர்க் கொட்டகைகள் வரிசையாக விளக்கணைந்தது இக்காலத்திலேயாகும்.

மூன்றாவது நிலத்தின் விலை. கொட்டகைகளில் பெரும்பாலானவை பட்டணத்தின் நடுவே, பேருந்து நிலையத்திற்கு அருகே எழுந்தவை. ஊர் வளர வளர அந்நிலத்தின் மதிப்பு ஏறியது. ஒரே ஓர் அரங்கை வைத்துக்கொண்டு ஆயிரம் நாற்காலிகளில் நூறு பேரை உட்காரவைப்பதைவிட, நிலத்தை விற்பதோ அடுக்குமாடிக் கடை கட்டுவதோ உரிமையாளருக்கு ஆதாயமாயிற்று.

நான்காவது பல்திரை அரங்குகள். சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் 1992இல் பத்துத் திரைகள் கொண்ட அரங்கு திறக்கப்பட்டது. கோலாலம்பூரின் மிட் வேலி கடைத்தொகுதியில் 1999இல் 18 திரைகள் கொண்ட அரங்கு வந்தது. ஒரு பெரிய அரங்கில் ஒரே படத்தைக் காட்டினால் அப்படம் தோற்கும்போது முழு அரங்கும் காலியாகும். பல சிறிய அரங்குகளில் பல படங்களைக் காட்டினால் ஒன்றின் நட்டத்தை மற்றொன்று ஈடுசெய்யும். இக்கணக்கின்முன் பழைய கொட்டகையால் நிற்க முடியவில்லை.

ஐந்தாவது மக்கள் குடிபெயர்ச்சி. 1950, 1960ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியருக்குச் சொந்தமான தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அத்துன்பத்தின் நடுவே துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததை நம் மக்கள் அறிவர். பின்னாளில் இரப்பர் நிலங்கள் செம்பனையாகவும், வீடமைப்புப் பகுதிகளாகவும், தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்து இளைஞர் பெருநகரங்களுக்குச் சென்றனர். சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு வந்த கூட்டம் மெல்ல மெல்ல வற்றியது. தோட்டம் கலைந்த இடத்தில் சிற்றூர்க் கொட்டகையும் கலைந்தது என்பது தற்செயலன்று.

இவற்றுக்கெல்லாம் பிறகு 2010ஆம் ஆண்டை ஒட்டிப் படச்சுருளே மறையத் தொடங்கியது. மின்னிலக்கக் கருவி வாங்கும் வசதியில்லாத சிறு அரங்குகளுக்குப் புதிய படம் கிடைப்பதே கடினமாயிற்று. 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் அரங்குகள் அனைத்தும் பூட்டப்பட்டன. பழைய கொட்டகைகளைத் தோற்கடித்த பல்திரை நிறுவனங்களே அப்போது தள்ளாடின. மலேசியாவில் எம்.பி.ஓ. நிறுவனம் அவ்வாண்டிலேயே கலைப்புக்கு உள்ளாயிற்று. சிங்கப்பூரில் கேத்தே திரையரங்கு நிறுவனம் 2025இல் தன் அரங்குகளை மூடியது. வென்றவர் என்றும் வென்றவராக இருப்பதில்லை என்பதை இது காட்டுகின்றது.

கட்டடங்களின் இன்றைய நிலை

மூடப்பட்ட கொட்டகைகள் பின்னர் என்னவாயின என்பதை நோக்கினால் சில வகைகள் தெரிகின்றன. இடித்து வேறு கட்டடம் எழுப்பியவை ஒரு வகை. தளபாடக் கடையாகவும், பேரங்காடியாகவும், பண்டகசாலையாகவும் மாறியவை மற்றொரு வகை. தூணில்லாத அகன்ற உள்ளிடம் இத்தொழில்களுக்கு ஏற்றது. சில இடங்களில் கிறிஸ்துவ சபையினர் வழிபாட்டு மண்டபமாக்கினர். இருக்கை வரிசைகளும் மேடையும் முன்னரே இருந்தமை அவர்களுக்கு வசதியாயிற்று.

சிற்றூர்களில் வியப்பான ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. பழைய கொட்டகைகள் சில, கூடு கட்டும் உழவாரக் குருவிகளின் இல்லமாயின. இக்குருவி தன் உமிழ்நீரால் கட்டும் கூட்டைச் சீனர்கள் உயர்ந்த உணவாகக் கருதுவதால் அதற்கு நல்ல விலையுண்டு. குகையில் வாழும் இப்பறவைக்கு இருளும் ஈரப்பதமும் உயர்ந்த கூரையும் வேண்டும். சாளரமில்லாத கொட்டகை அதற்குக் குகையே போன்றது. குருவிகளை வரவழைக்க அவற்றின் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் இடைவிடாது ஒலிக்கச் செய்கின்றனர். இத்தொழிலால் கட்டடத்திற்கு வருமானம் உண்டு. ஆயினும் எச்சமும் ஈரமும் சுவரையும் மரத்தையும் அரிக்கும். அக்கம்பக்கத்தார்க்கு ஓசைத் தொல்லையும் உண்டு.

தோட்டத்துத் திடல் எனும் கொட்டகை

இதுவரை பட்டணத்துக் கொட்டகைகளைப் பற்றிக் கூறினோம். தோட்ட மக்களுக்கே உரிய ஒரு கொட்டகையும் இருந்தது. அதற்குச் சுவருமில்லை, கூரையுமில்லை. தோட்டத்துத் திடலே அக்கொட்டகை.

மலாயாத் திரைப்படப் பிரிவு 1946இல் நிறுவப்பட்டது. அது தயாரித்த படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் கொண்டுசென்று காட்டின. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இவ்வண்டிகளின் பணி பெருகியது. சுகாதாரம், கல்வி, அரசின் திட்டங்கள் ஆகியவற்றைப் பற்றிய குறும்படங்களே முதலில் ஓடும். அப்பிரிவு 1963இல் பிலெம் நெகாரா மலேசியா எனப் பெயர் மாறியது. தோட்ட நிர்வாகமோ, கோயில் திருவிழாக் குழுவோ ஏற்பாடு செய்யும் நாள்களில் வாடகைக்குப் படம் காட்டுவோரும் 16 மில்லிமீட்டர் கருவியுடன் வந்தனர்.

இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவர். மின்பொறி தொலைவில் இரையும். மாலையிலேயே பிள்ளைகள் பாயை விரித்து, காற்றில் பறவாதிருக்கக் கல்லை வைத்து இடம் பிடிப்பர். இடம் கிடைக்காதோர் திரைக்குப் பின்புறம் அமர்வர். அங்கும் படம் தெரியும்; இடவலம் மட்டும் மாறியிருக்கும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். எழுத்துகள் தலைகீழ் வரிசையில் வரும். அமெரிக்காவில் செல்வந்தர் மோட்டாரில் அமர்ந்து கண்ட திறந்தவெளிக் காட்சியை, நம் மக்கள் பாயில் அமர்ந்து கண்டனர். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தும் படம் முடியும்வரை எழுந்து போனவர் குறைவு.

பட்டணத்துக் கொட்டகை மூடினால் அதற்கு ஒரு கட்டடமாவது எஞ்சும்; நகராட்சியில் கோப்பாவது இருக்கும். தோட்டத்துத் திடலுக்கு அவ்விரண்டும் இல்லை. தோட்டமே விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபின், அங்கு படம் ஓடியதற்குச் சான்று பார்த்தவர்களின் நினைவு ஒன்றே. அந்நினைவை உடையவர்கள் இன்று எழுபது, எண்பது வயதினர். அவர்களுக்குப் பின்னர் அதனைச் சொல்ல எவருமில்லை.

தேடி அறியும் வழி

நம் வட்டாரத்துக் கொட்டகைகளின் வரலாற்றைத் திரட்டப் பெரும் படிப்போ பணமோ தேவையில்லை. சில எளிய வழிகளைக் கூறுகின்றோம்.

முதற்கண் முதியோரைக் கேளுங்கள். 'எந்த ஆண்டு' என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. 'மூத்த பிள்ளை பிறக்கும் முன்னரா, பின்னரா? அப்போது தோட்டத்துக் கிராணி யார்? டிக்கெட் எத்தனை காசு?' என்று கேட்டால் ஆண்டு தானே வெளிப்படும். ஒருவர் சொன்னதை வேறொருவரிடமும் கேட்டு ஒப்புநோக்குங்கள். இருவர் கூற்றும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். உங்கள் விருப்பப்படி ஒன்றை நீக்கிவிட வேண்டா.

அடுத்து ஊரை நடந்து பாருங்கள். பின்சுவரின் சதுரத் துளைகள், சரிந்த தரை, கம்பியிட்ட சீட்டுச் சாளரம், முகப்பில் பெயர் எழுதிய இடத்தின் தழும்பு ஆகியவை உண்மையைச் சொல்லும். கொட்டகை போய்ப் பல்லாண்டு ஆனபின்னும் அதன் பெயரால் வழங்கும் சந்தும், பேருந்து நிறுத்தமும், சாப்பாட்டுக் கடையும் உண்டு.

மூன்றாவதாகப் பழைய செய்தித்தாள்களைப் பாருங்கள். 1924இல் தோன்றி 2019இல் நின்ற தமிழ் நேசனும், 1935இல் தோன்றிய தமிழ் முரசும் படக்காட்சி விளம்பரங்களை வெளியிட்டன. எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்த நாளில், எந்தப் படம் ஓடியது என்பதற்கு அவ்விளம்பரங்களைவிடச் சிறந்த ஆவணம் கிடைப்பதரிது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்னிலக்க வடிவில் வைத்துள்ளது. மலேசியாவில் தேசிய ஆவணக் காப்பகமும் ஊராட்சி மன்ற அலுவலகங்களும் உதவக்கூடும்.

நான்காவதாக, கொட்டகையில் வேலை பார்த்தவர்களை மறவாதீர்கள். படக்கருவியை இயக்கியவர், சீட்டுக் கிழித்தவர், சுவரொட்டி ஒட்டியவர், வாயிலில் கச்சான் விற்றவர் ஆகியோர் கண்ட வரலாறு, உரிமையாளர் கண்ட வரலாற்றினின்றும் வேறானது. கொட்டகை மூடிய நாளில் முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே.

ஐந்தாவதாக, பழைய சீட்டு, பாட்டுப் புத்தகம், கொட்டகை வாயிலில் எடுத்த குடும்பப் படம் எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தில் ஊர், ஆண்டு, நிற்போர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயரெழுதாத படம் இரண்டாம் தலைமுறைக்கே அந்நியமாகிவிடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு விடுமுறைப் பணியாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதினால், ஓராண்டுக்குள் ஒரு வட்டாரத்தின் வரலாறு கைக்குக் கிட்டிவிடும். தோட்டத் தொழிற்சங்கக் கிளைகளும் கோயில் குழுக்களும் அப்பக்கங்களைத் தொகுத்துப் பாதுகாக்கலாம்.

கொட்டகைகள் அனைத்தையும் மீண்டும் திறக்க இயலாது. அதனை விரும்புவதும் பயனற்றது. மக்கள் வாழ்வு மாறும்போது அவர்கள் கூடும் இடங்களும் மாறுதல் இயற்கை. எனினும் ஒரு நாள் முழுதும் மரம் வெட்டி, பால் சுமந்து உழைத்த மக்கள் மாலையில் எங்கே கூடினர், எதைக் கண்டு சிரித்தனர், எதைக் கண்டு அழுதனர் என்பதும் நாட்டின் வரலாறே. தோட்டத்தின் விளைச்சல் எத்தனை இராத்தல் என்பதை நிர்வாகத்தின் ஏடுகள் குறித்து வைத்தன. அம்மக்களின் மாலைப்பொழுதை எந்த ஏடும் குறிக்கவில்லை. அதனைக் குறிக்க வேண்டியவர்கள் நாமே. அதற்குரிய காலமும் இதுவே.